காலிலும் அதே 46!

குடவோலை கண்ட ஊர் உத்திரமேரூர்! முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் காட்டிப் பெருமை பேசுவோர் பலர். பேசட்டும்! ஊரை 30 குடும்புகளாக வகுத்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர், நல்ல ஒழுங்குதான். ஆனால், எவர் பெயர் குடத்திற்குள் நுழைந்தது? அக்கல்வெட்டே விடை கூறுகிறது. கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனை வேண்டும். வேதக் கல்வி வேண்டும்! ஏர் பிடித்தவன் பெயருக்கு அங்கே இடமேது? நாற்று நட்டவள் பெயருக்கு இடமேது?

ஏன் இல்லை என்று கேட்டால், தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதை அளந்தனர். பிறப்பிலேயே பிரிவினையாம்! சரி, அந்தப் பிறப்பையே பார்ப்போம். சாத்திரத்தை மூடிவைத்து, நுண்ணோக்கியை எடு, தோழனே!

உன் உடல் தொடங்கியது ஒரே ஓர் உயிரணுவில். அன்னை தந்தவை 23, தந்தை தந்தவை 23, ஆக 46 குரோமோசோம் இழைகள் அதிலே. பிரியுமுன் ஒவ்வோர் இழையும் தன்னைப்போல் ஒன்றை ஆக்கிக்கொள்கிறது. பின்னர் இழைகள் தடிக்கின்றன; உட்கருவின் உறை மறைகிறது; இழைகள் நடுவிலே அணிவகுக்கின்றன. இரட்டைகள் விலகி, ஒன்று இப்புறமும் மற்றொன்று அப்புறமும் செல்கின்றன. இருபுறமும் புதிய உட்கரு, இருபுறமும் 46! ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, உடலே உருவாகிறது. தலைத் தோலின் அணுவிலும் அதே 46. பாதத் தோலின் அணுவிலும் அதே 46! அக்கிரகாரத்திற்கும் சேரிக்கும் இதுவே பொதுக்கணக்கு.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்த செருமானிய அறிஞர் வால்டர் பிளெமிங், 1882-இல் 'மைட்டாசிஸ்' என்ற பெயரைத் தந்தார். நூல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர் அது. இந்த நூல் எல்லோர்க்கும் உண்டு. தோளின் குறுக்கே போட்டுக் காட்டத் தேவையில்லை!

இவ்விழைகளை எண்ணிப் புகழ் பெற்றவர் ஜானகி அம்மாள். சென்னையில் பயின்றார், கோவையில் கரும்பை ஆராய்ந்தார், டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார். தலையில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட குலத்தவரல்லர், அதிலும் பெண்! அன்றைய உத்திரமேரூரில் அவர் பெயர் குடத்தின் அருகிலாவது வந்திருக்குமா?

இளைஞனே! கல்வெட்டைக் காண வருவோரைப் பள்ளி ஆய்வுக்கூடத்திற்கும் அழைத்துச் செல். ஒரு வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டு. பங்கீடு என்றால் என்ன என்பதை அந்த வெங்காயம் சொல்லும்!