மலைநாட்டாரும் கடற்கல்வியும்

கல்வி இன்னார்க்கு உரியது, இன்னார்க்கு உரியதன்று என்று வரையறுத்த காலம் கழிந்துவிட்டதென நாம் மேடைதோறும் பேசி மகிழ்கின்றோம். ஆயினும் அவ்வரையறை வேறோர் உருக்கொண்டு இன்றும் நம்மிடையே உலவுகின்றது. உழவன் மகன் உழவு நூலும், பரதவன் மகன் மீன்வள நூலும், மலைநாட்டான் மகன் வன நூலும் கற்பதே முறையென்று கருதுவோர் பலர். இக்கருத்து நன்மைபோலத் தோன்றினும் நன்மையன்று என்பதை, கடற்சூழல் சாஸ்திரம் என்னும் ஒரு துறையை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் நாமும் நம் தோழர் சிலரும் கொல்லிமலை சென்றிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறி, குண்டனி நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவ்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்ணொருத்தி, விலங்கியற் பட்டம் பெற்றபின் பரங்கிப்பேட்டையிற் கடலுயிரியல் கற்க விரும்புவதாகச் சொன்னாள். அவள் பாட்டனார் நகைத்து, “கடலைக் கண்ணாலும் பாராத நமக்கு அந்தப் படிப்பு எதுக்கு, கண்ணு? டீச்சருக்குப் படி; இல்லை, நர்சுக்குப் படி. ஊருக்காவது உதவும்” என்றார். அவள் மறுமொழி கூறாது தலைகுனிந்தாள். கல்லூரியில் வாதப்போர் பல நிகழ்த்திய நாமும் வாளாவிருந்தோம். அவ்வாறிருந்தது குற்றமென்பதை மலையிறங்கும்போதுதான் உணர்ந்தோம். அன்று கூறாத விடையை இன்று எழுதுகின்றோம்.

முதியவரின் வினா இகழத்தக்கதன்று. பேத்தியின் படிப்பு ஊருக்கு உதவவேண்டும் என்று அவர் எண்ணியது நேர்மையான எண்ணமே. ஆனால் அவர் வினாவிற்குரிய விடை அவர் மலையின் ஓடைகளிலேயே இருக்கின்றது. கொல்லிமலையில் வீழும் மழைநீர் இருவழியாகக் கடலையடைகின்றது. ஆகாயகங்கை அருவியாய் வீழும் ஐயாறு சமவெளியிற் பாய்ந்து காவிரியோடு கலக்கின்றது. அம்மலையிலேயே பிறக்கும் சுவேதநதியோ தம்மம்பட்டி, வீரகனூர் வழியாக ஓடி, வசிஷ்டநதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயர்பெற்று, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு முதலிய ஊர்களைக் கடந்து, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலிற் புகுகின்றது. அந்த வெள்ளாற்றின் கழிமுகத்திலேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் உயராய்வு மையம் அமைந்திருக்கின்றது. ஆகவே அப்பெண் போக விரும்பிய இடம் அவளுக்கு அந்நியமானதன்று. அவள் மலையின் தண்ணீர் அவளுக்கு முன்னரே அங்குச் சென்று சேர்ந்திருக்கின்றது.

நிற்க. கடற்சூழல் சாஸ்திரம் என்பது யாது? மீன்களின் பெயரையும் சிப்பிகளின் வகையையும் மனப்பாடம் செய்வதே அது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அற்றன்று. கடல்நீரின் உப்பளவு, அதிற் கரைந்துள்ள பிராணவாயு, கண்ணுக்குப் புலனாகாத மிதவையுயிர்கள், ஆறு கொணரும் வண்டல், கரையோரத்துச் சதுப்புக் காடுகள், பவளத் திட்டுகள், இவற்றை நம்பி வாழும் மாந்தர் ஆகிய யாவும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையை ஆராய்வதே அச்சாஸ்திரம். தமிழ்நாட்டில் இக்கல்விக்கு நல்ல அடிப்படை உண்டு. 1947-ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அதன் தலைமையிடம் பின்னர்க் கொச்சிக்கு மாறினும் மண்டபத்தில் அதன் கிளை இன்றும் இயங்குகின்றது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா அவர்கள் முன்னின்று வளர்த்த பரங்கிப்பேட்டை நிலையத்தை, 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. மன்னார் வளைகுடா 1986-இற் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது. அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு, பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக நீருள் மூழ்கிப்போயின. கடலைக் கல்லாத சமுதாயம் கடலை எங்ஙனம் இழக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்கல்வியில் மலைக்கு இடம் யாது என்று வினவலாம். கழிமுகம் என்பது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். அங்கு நிகழ்வனவற்றிற் பாதிக்குக் காரணம் மேட்டு நிலத்தில் இருக்கின்றது. வயல்களில் மிகுதியாக இடப்பெறும் இரசாயன உரம் மழையில் கரைந்து ஆற்றின்வழியே இறங்குமாயின், கழிமுகத்திற் பாசியினம் அளவிறந்து பெருகும். அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குன்றும். மீன்கள் மூச்சின்றி மாளும். கொல்லிமலையிலோ முன்னர்ச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இப்பொழுது மரவள்ளி பயிராகின்றது. அக்கிழங்கைத் தோண்டியெடுக்கும்போது மண் இளகுகின்றது. அடுத்த மழையில் அது ஓடையோடு போகின்றது. மலைமேல் பாக்சைட் வெட்டியெடுத்த நாட்களும் உண்டு. இவற்றால் மண்ணிழப்பவன் மலைவாணன். ஆற்றின் கடைசியில் நிற்பவன் பரதவன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டை நோக்குக. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, கடலூர்க் கரையில் மரச்செறிவின் பின்னிருந்த ஊர்கள் ஏனைய ஊர்களினும் குறைந்த சேதமே உற்றன என்று ஆராய்ச்சியாளர் எழுதினர். அக்காடு உப்பு நீரில் நிற்பதாயினும், உப்பு நீரால் மட்டும் வாழ்வதன்று. நன்னீர் வரத்துக் குறைந்து மண்ணில் உப்பு மிகுமாயின் அங்கு மரங்கள் குன்றும். எனவே பரங்கிப்பேட்டைக் கரையைக் காக்கும் காட்டுக்கு மலைநாட்டு மழையும் ஒருவகையிற் செவிலித்தாயாம்.

இவ்வுண்மை மலைவாழ் மக்களுக்குப் புதியதன்று. 1913-இற் கொல்லிமலைக்கு வந்து, 1929-இற் காய்ச்சலால் அங்கேயே உயிர்நீத்த மிஷனெரி ஜெஸ்ஸி பிராண்டு அவர்களை நம் கல்லூரியார் அறிவர். 1914-இல் அம்மலையிற் பிறந்த அவர் மைந்தரே, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு. அவர் சிறுவனாய் மலைவயலில் தவளை பிடித்து நீரைக் கலக்கியபோது, முதியவர் ஒருவர் வந்து, வயலின் உயிர் மண்ணில் இருப்பதையும், கலங்கிய நீர் அதை மீளாதபடி கொண்டுபோவதையும் கற்பித்தாராம். டாக்டர் அவர்கள் அதனை முதுமையிலும் மறவாது எழுதினார். சர்வகலாசாலையின் பெயரையும் கேளாத அம்முதியவர் அறிந்தது இச்சாஸ்திரத்தின் முதற்பாடமன்றோ? அவர் மலையிற் பிறந்த ஒருத்தி அதன் இறுதிப்பாடத்தையும் கற்க விரும்பினால், நகைப்பது தகுமோ?

இனி, தடைகளை எண்ணுவோம். முதலாவது பிழைப்பு. இத்துறையிற் கற்றோர் எல்லார்க்கும் உத்தியோகம் காத்திருக்கின்றது என்று நாம் பொய்யுரையோம். ஆராய்ச்சி நிலையங்களில் இடங்கள் சில, போட்டி பெரிது. ஆயினும் எந்தத் துறையில் இன்று அவ்வாறில்லை? பழங்குடி மாணாக்கர்க்கு அரசாங்க உபகாரச் சம்பளம் உண்டு. அதனைப் பெறும் வழியைச் சொல்வாரில்லாமையே குறை. இரண்டாவது மொழி. பள்ளியிறுதிவரை தமிழிற் கற்ற மலைநாட்டு மாணாக்கர்க்கு இந்நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பது உப்பங்கழியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடப்பது போலாகும். இங்கே பழி தமிழ் பயிலும் நம்மைச் சேரும். குறிஞ்சியும் நெய்தலும் வகுத்த மொழியில், கழிமுகத்தின் இயல்பைத் தெளிவுற விளக்கும் எளிய நூல்கள் போதிய அளவில் இல்லையெனின், நாம் பெருமை பேசுவது எதன்பொருட்டு?

ஆதலின் நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்கள் உள. ஒன்று, விலங்கியல், வேதியியல், தமிழ் ஆகிய துறையினர் கூடி, ஆண்டுதோறும் ஒரு விடுமுறையிற் கொல்லிமலையின் ஊற்றுமுகம் தொடங்கிப் பரங்கிப்பேட்டைக் கழிமுகம்வரை சுவேதநதியையும் வெள்ளாற்றையும் தொடர்ந்து சென்று, இடந்தோறும் நீரைச் சோதித்து, கண்டதைத் தமிழில் எழுதி இம்மலரில் வெளியிடவேண்டும். இரண்டு, அப்பயணத்தில் மலைநாட்டுப் பள்ளிகளின் மாணாக்கர் சிலரையும், கடற்கரைப் பள்ளிகளின் மாணாக்கர் சிலரையும் உடன் சேர்க்கவேண்டும். மூன்று, மேற்படிப்பும் உபகாரச் சம்பளமும் பற்றிய செய்திகளை மலையூர்களுக்கே சென்று சொல்லுதல்வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் பழைய மாணவர் சங்கத்தார் மனங்கொண்டால் வரும் ஆண்டிலேயே தொடங்கலாம்.

முன்னோர் நிலத்தை ஐந்திணையாக வகுத்தது அவ்வந்நிலத்தின் இயல்பை அறிதற்பொருட்டேயன்றி, மாந்தரைச் சிறைவைத்தற்பொருட்டன்று. திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியரே இடந்தந்திருக்கின்றார். கர்த்தர் மலைக்கு ஒரு நீரும் கடலுக்கு ஒரு நீரும் தனித்தனியே படைத்திலர்; ஒரே நீரையே மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் சுற்றவிட்டிருக்கின்றார்.

குண்டனி நாட்டுப் பெரியவருக்கு நாம் கூறும் விடை இதுவே: ஐயா, உங்கள் பேத்தி கடலைக் கற்றுத் திரும்பி வருவாளாயின், உங்கள் வயலின் மண் எங்கே போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்குச் சொல்வாள், அதை நிறுத்தும் வழியையும் சொல்வாள். அதனினும் ஊருக்கு உதவும் படிப்பு வேறு யாது? அவளைப் போகவிடுங்கள்.