அம்மாவுக்கு அரை அங்குலம், தங்கச்சிக்கு ஒரு சாண்

எங்கம்மாவின் தொப்புளுக்குக் கீழே அரை அங்குலத்துக்கு ஒரு வடு இருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எனக்கும் தங்கச்சிக்கும் பிறகு, 1988இல், குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் போட்ட ஓட்டை அது. காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொழுது சாயறதுக்குள்ள தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். கையில் கொஞ்சம் துட்டும் கொடுத்தார்கள்.

தங்கச்சியின் வயிற்றில் தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். போன வருஷம் குடல்வால் வெடித்துப் போட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு அம்மா என்னைக் கேட்டாள்:

"எனக்கு அன்னிக்கி சின்னதா ஒரு ஓட்ட போட்டு அர மணியில அனுப்பிட்டானுங்க. இவளுக்கு ஏன்டா இம்மாம் பெருசா கிழிச்சிருக்காங்க?"

நான் பத்து வருஷமாக இயக்கத்தில் இருக்கிறவன். மேடையில் பேசுகிறவன். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் தேடிப் படித்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முத்தாபுதுப்பேட்டை என்றால் வெளியாளுக்கு ஏர்போர்ஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் எஸ்டேட் என்று எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே வேலை. தங்கச்சி ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்த்தாள். குப்பை டிரம்மை இரண்டு பேராகத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொப்புளைச் சுற்றி வலி. சாப்பாடு இறங்கவில்லை. சூப்பர்வைசர், "லேடீஸ் ப்ராப்ளமா? முடிச்சிட்டுப் போ" என்றார். மெடிக்கல் கடையில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, உள்ளுக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள். மறுநாள் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கேட்டார், எழுதினார், ஒரு ஊசி போடச் சொன்னார். வயிற்றின்மேல் கை வைக்கவில்லை. சாதி பார்த்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. துப்புரவு யூனிஃபார்மைப் பார்த்தார். அது நிச்சயம்.

வியாழக்கிழமை ராத்திரி வலி சட்டென்று நின்றது. "போயிடுச்சுண்ணா" என்று சிரித்தாள். எல்லோரும் தூங்கினோம். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் போலத் தொங்கும் ஒரு குழாய். ஒரு பக்கம்தான் வாசல். கெட்டியான மலத்துணுக்கோ வீக்கமோ அந்த வாசலை அடைத்தால் உள்ளே நீர் சேர்ந்து, கிருமி பெருகி, குழாய் ஊதுகிறது. ரத்த ஓட்டம் நின்று அழுகுகிறது. பிறகு ஓட்டை விழுகிறது. ஓட்டை விழுந்தவுடன் உள்ளே இருந்த அழுத்தம் குறைவதால் சிலருக்குக் கொஞ்ச நேரம் வலி தணியும். அதைத்தான் குணமாகிவிட்டது என்று நாங்கள் கொண்டாடினோம். அதற்குள் சீழ் வயிறு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. பேதிக்குக் கொடுத்தது தப்பு. வலி ஊசியை மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு.

வெள்ளிக்கிழமை விடியும்போது காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகையாக இருந்தது. முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியின் வாசலிலேயே பெரிய பேனர்: தழும்பு தெரியாத சாவித்துவார ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்கு. பேனரில் சிரித்த பெண்ணுக்கு வெள்ளை வயிறு. உள்ளே முன்பணம் கேட்டார்கள். அவ்வளவு பணத்தை நாங்கள் சேர்ந்தாற்போலப் பார்த்ததே இல்லை. 108இல் ஏற்றி நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பயிற்சி டாக்டர் பெண், வயசு 23 இருந்தால் அதிகம், வயிற்றில் கை வைத்து மெதுவாக அழுத்தினாள். சட்டென்று கையை எடுத்தாள். எடுத்த நொடியில்தான் தங்கச்சி கத்தினாள். உடனே சீனியரைக் கூப்பிட ஓடினாள் அந்தப் பெண்.

மூன்று நாளில் என் தங்கச்சியின் வயிற்றைத் தொட்ட முதல் மருத்துவக் கை அது.

1889இல் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி அந்தப் புள்ளியைக் குறித்துவைத்தார். வலது இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். ஒரு விரல் போதும். ஸ்கேன் பிறகு வரட்டும். நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த நோயைச் சந்தேகப்பட வைப்பது விரல்தான். இந்த நாட்டில் விரலைப் போல விலையேறிய பொருள் வேறு என்ன இருக்கிறது?

இதைக் கேட்ட ஒரு முற்போக்குத் தோழர், "எல்லாத்துலயும் சாதியைக் கொண்டாறாதீங்க தோழர், குடல்வாலுக்கு ஏது சாதி?" என்றார். சரி, குடல்வாலுக்குச் சாதி இல்லை. இரண்டு நோயாளிகளைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் நோயாளி காந்தி. 1909இல் 'இந்து சுயராச்சியம்' எழுதியபோது ஆஸ்பத்திரிகளைப் பாவம் வளர்க்கும் இடங்கள் என்று திட்டியவர். 1924 சனவரியில் எரவாடா சிறையில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் வீங்கியது. அதே வெள்ளை அரசாங்கம் பூனாவின் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. சனவரி 12 இரவு கர்னல் மாடக் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் கத்தி வைத்தார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பக்கத்தில் இருந்து ஒப்புதல் அறிக்கை தயார்செய்தார். பாதியில் மின்சாரம் போனது, டார்ச்சு விளக்கும் கைவிட்டது, கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். பிப்ரவரி 5இல் விடுதலையும் செய்தார்கள். காந்தி செத்திருக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. ஆறு வருஷம் தண்டனை பெற்ற ஒரு கைதிக்கு ராத்திரியோடு ராத்திரியாக, விளக்கு போனாலும் நிற்காமல், அறுவை செய்ய முடிந்திருக்கிறது. அப்படியானால் அது முடியக்கூடிய காரியம்தான்.

இரண்டாவது நோயாளிக்குக் குடல்வால் இல்லை, பிரசவத்துக்குப் பின் வந்த நோய். காந்தி பிறந்த அதே கத்தியவார். அவருடைய 'யங் இந்தியா'வில்தான் 1929 டிசம்பர் 12இல் அந்தக் கடிதம் வந்தது. அம்பேத்கர் தன் அனுபவக் குறிப்புகளில் அதை எடுத்துவைத்திருக்கிறார். நம் ஆள் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்றார். ஊர்ப் பெரிய மனிதர் 2 ரூபாய் ஃபீசுக்கு ஜாமீன் நின்ற பிறகு, பச்சை உடம்புக்காரியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். வந்த வழியே திரும்பவும் போனது. விளக்கில் பிடித்துப் பார்த்து நிமோனியா என்றார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

ஆறு வருஷத்துக்கும் குறைந்த இடைவெளி. அங்கேயும் ராத்திரி, அங்கேயும் ஒரு விளக்கு. ஒருவருக்கு விளக்கு பிடித்தது உயிரைக் காப்பாற்ற. இன்னொருத்திக்கு, தொடாமல் இருக்க. இப்போது சொல்லுங்கள் தோழர்.

இந்த ஊரில் மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைப் பிணவறையில் பிணத்தின் வயிற்றைத் திறந்து, குடலை எடுத்துக் காட்டி, திரும்பத் தைக்கிறவன் பெரும்பாலும் யார்? செத்த வயிற்றைத் தொட எங்கள் கை வேண்டும். உயிரோடிருக்கும் எங்கள் வயிற்றைத் தொட யாருடைய கை?

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

சாவித்துவார அறுவை என்பது இவ்வளவுதான்: வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பி உப்பவைப்பது, தொப்புள் ஓரம் ஒரு சென்டிமீட்டர் ஓட்டையில் கேமராக் குழாயை விடுவது, அரை சென்டிமீட்டர் ஓட்டைகள் இரண்டில் கருவிகளை விட்டுக் குடல்வாலைக் கட்டி வெட்டி எடுப்பது. 1980இல் செருமனியின் கீல் நகரத்தில் கர்ட் செம் என்பவர் முதன்முதலில் இப்படிக் குடல்வாலை எடுத்தார். அவர் பெண்கள் மருத்துவர். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் கருவி செய்யும் தொழில் கற்றவர், நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டு டூல்ரூம் ஆள் மாதிரி. பெரிய சர்ஜன்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் சங்கத்தின் தலைவரே அவருடைய மருத்துவ உரிமத்தை நிறுத்தச் சொன்னார். அவர் அனுப்பிய கட்டுரையை நெறிக்கு விரோதம் என்று ஒரு மருத்துவ ஏடு திருப்பியது. அங்கேயும் ஒரு வருணாசிரமம்!

இந்தியாவில் பம்பாய் ஜே.ஜே. அரசு மருத்துவமனையில் 1972 முதலே தெகம்டன் உத்வாடியா ஏழை நோயாளிகளுக்கு இந்தக் குழாயை வைத்து நோய் கண்டறிந்தார். 1990இல் பித்தப்பையை அதன் வழியே எடுத்தார். இது ஏழை நாடுகளுக்குத்தான் அதிகம் தேவை என்பது அவருடைய வாதம். கணக்குப் போட்டால் எளிதில் விளங்கும். வயிற்றைக் கிழித்தால் மாதக்கணக்கில் பாரம் தூக்கக்கூடாது. ஓட்டை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலோர் வேலைக்குப் போகலாம். புண் சீழ் பிடிப்பதும் குறைவு. மாதச் சம்பளக்காரனுக்கு இந்த வித்தியாசம் மெடிக்கல் லீவு. தினக்கூலிக்கு அது அடுப்பு. ஆனால் பேனரில் விற்கப்படுவது என்னவோ தழும்பில்லாத அழகு.

மாயமந்திரம் என்று இதைச் சொல்லமாட்டேன். வெடித்துச் சீழ் பரவிவிட்டால் வயிற்றைத் திறந்து கழுவுவதுதான் சரி என்று மருத்துவர் முடிவெடுக்கலாம். என் தங்கச்சிக்கு அப்படித்தான் செய்தார்கள், உயிரையும் காப்பாற்றினார்கள், அந்தக் கையை நான் கும்பிடுகிறேன். சாண் நீளத்துக்குக் கிழித்தது அந்த டாக்டர் இல்லை அம்மா. செவ்வாய், புதன், வியாழன், அந்த மூன்று நாள்தான் கிழித்தது.

அப்புறம் அம்மாவின் அரை அங்குலம். நகரத்து நர்சிங் ஹோமில் பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் இந்தக் குழாய் வருவதற்குப் பல வருஷம் முன்பே, சேரிப் பெண்களின், கிராமத்துக் கூலிப் பெண்களின் வயிற்றுக்குள் இது நுழைந்துவிட்டது. கருத்தடை முகாம் வழியாக! கருவியில் வித்தியாசம் உண்டு, தத்துவம் ஒன்றுதான்: காற்றை நிரப்பு, குழாயை விடு, பார்த்துக் கட்டு. 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாசுபூர் மாவட்டத்தில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு இதைச் செய்தார். அந்த நாட்களில் அந்த மாவட்ட முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேராவது செத்தார்கள். பெரும்பாலும் தலித், ஆதிவாசி, பிற்பட்ட சாதிக் கூலிப் பெண்கள். 2016இல் உச்சநீதிமன்றம் முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் கருவி இல்லை, ஆள் இல்லை, வேன் இல்லை என்று யாரும் நம்மிடம் கதை அளக்க முடியாது. எங்கள் பெண்கள் பெறாமலிருக்க வாசல் வரைக்கும் வேன் வந்தது. அதே பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தபோது, 'முடிச்சிட்டுப் போ.'

எங்கெங்கே தாலுகா அரசு மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போய்த் தோழர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி 10 மணிக்குக் குடல்வால் வந்தால் மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறாரா? சாவித்துவாரக் கருவி இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இன்னொன்று இ.எஸ்.ஐ. தங்கச்சியின் சம்பளத்தில் 14 மாதம் பிடித்திருக்கிறார்கள். நம்பர் கேட்டால் இல்லை. பதிவே செய்யவில்லை. முறையாகக் கட்டியிருந்தால் நோயில் கிடந்த காலத்துக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைத்திருக்கும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய முதலாளி கட்டியாக வேண்டும் என்பது சட்டம். அவளுக்குக் கிடைத்ததோ, "வேற ஆள் போட்டாச்சு" என்ற ஒரு போன்.

புகார் மனு எழுதியிருக்கிறோம். அதே கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் 11 பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பயம். இந்த இதழ் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு அவர்கள் வீடுகளுக்குப் போகிறோம். வரக்கூடிய தோழர்கள், முக்கியமாகப் பெண் தோழர்கள், காலை 9 மணிக்குள் முத்தாபுதுப்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடவும். சம்பளச் சீட்டு நகல் எடுக்கக் கொஞ்சம் சில்லறையும் கொண்டுவரவும்.