மண்ணுக்குள்ளே ஒரு மளிகைக் கணக்கு

பி.காம். படித்தவனுக்கும் பூஞ்சைக்கும் என்னய்யா சம்பந்தம்? பேச்சிலர் ரூம் பிரெட் பாக்கெட்டை விட்டுவிட்டால், கணக்கு வழக்குதான் சம்பந்தம். நம் காலுக்கு அடியில் 40 கோடி வருஷமாக ஒரு கடை நடக்கிறது. போர்டு கிடையாது, கல்லா கிடையாது, 'கடன் அன்பை முறிக்கும்' அட்டை கிடையாது. ஆனால் வரவு செலவு பைசா சுத்தம்!

கடைக்குப் பெயர் மைக்கோரைசா. கிரேக்கத்தில் பூஞ்சை ப்ளஸ் வேர் என்று அர்த்தம். பெயர் வைத்தவர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மன் தாவரவியல்காரர், 1885-ல். 'டிரஃபிள்' என்று ஒரு காளான், யானை விலை குதிரை விலை. 'அதை நம்ம ஊரில் பயிர் பண்ண முடியுமா, பாரும்' என்று பிரஷ்ய அரசாங்கம் அவரிடம் சொன்னது. பார்க்கப் போனவர், மர வேர்களைப் பூஞ்சை உறை மாதிரி போர்த்தியிருப்பதைப் பார்த்தார். வியாதி என்று சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் லாபமான கூட்டு என்றார். காளான் தேடப் போனவருக்கு ஒரு பார்ட்னர்ஷிப் கம்பெனியே கிடைத்தது.

மக்காச்சோளம், வெங்காயம், மரவள்ளி மாதிரிப் பயிர்களில் பூஞ்சை இன்னும் உரிமை எடுத்துக்கொள்ளும். வேரின் செல்லுக்கு உள்ளேயே போய்க் குட்டி மரம் போலக் கிளை விரித்து உட்கார்ந்துவிடும். டீல் இதுதான். பாஸ்பரஸ் மண்ணில் லேசில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வழித்துத் தின்றுவிட்டால் அப்புறம் பட்டினி. பூஞ்சையின் இழை நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லை. அது பல சென்டிமீட்டர் தள்ளிப் போய், வேர் நுழையாத சந்துபொந்தில் எல்லாம் புகுந்து பாஸ்பரஸ் கொண்டுவரும். பதிலுக்குச் செடி தன் சம்பாத்தியத்தில் 20 சதவிகிதம் வரை சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் கொடுக்கும். டி.டி.எஸ். பிடிக்காமலே!

ஏமாற்றினால்? நெதர்லாந்தில் டோபி கியர்ஸ் குழுவினர் 2011-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பாஸ்பரஸ் அதிகம் தரும் பூஞ்சைக்குச் செடி அதிகம் சர்க்கரை தருகிறது. சர்க்கரை அதிகம் தரும் வேருக்குப் பூஞ்சை அதிகம் பாஸ்பரஸ் தருகிறது. ரெண்டும் மூளை இல்லாத ஜென்மங்கள். நம் ஆபீஸில் இன்கிரிமென்ட் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

தரைவாழ் செடிகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டில் உண்டு. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கிக் குடும்பம் மாதிரி சில மட்டும் தனிக்குடித்தனம்.

அப்புறம் எதற்கு உரம்? அங்கேதான் சிக்கல். பாஸ்பரஸ் மூட்டையைக் காலடியில் கொட்டினால் செடிக்குப் பூஞ்சை தேவைப்படாது, சம்பளத்தை நிறுத்திவிடும். அடிக்கடி ஆழ உழுதால் இழை வலை அறுந்துபோகும். நிலத்தை வெறுமனே போட்டாலும் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து விவசாயிகள் ஈரம் சேரட்டும் என்று நிலத்தை நீண்ட காலம் தரிசாகப் போட்டார்கள். அடுத்த பயிர் சவலைப் பிள்ளையாக வந்தது. வேர் இல்லாமல் பூஞ்சை குறைந்துபோனதுதான் காரணம் என்று ஜான் தாம்ப்ஸன் 1987-ல் எழுதினார். வாடிக்கையாளர் வராத கடை எத்தனை நாள் திறந்திருக்கும்?

இது விவசாயி கவலை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உலகத்தில் கையிருப்பில் இருக்கும் பாஸ்பேட் பாறையில் சுமார் 70 சதவிகிதம் மொராக்கோவின் கையில். இந்தியா பாஸ்பேட் சரக்கைப் பெரும்பாலும் வெளியே வாங்குகிறது. அங்கே கப்பல் தாமதித்தால், இங்கே ஆடிப்பட்டத்துக்கு டி.ஏ.பி. இல்லை. விலையைத் தாங்கும் மானியம், நம் வரிப்பணம். ஏற்கெனவே போட்ட பாஸ்பரஸில் ஏகப்பட்டது மண்ணில் சிக்கிக் கிடக்கிறது. பூஞ்சை புதிதாக ஒரு கிராம்கூடத் தயாரிக்காது. மறந்துபோன டெபாசிட்டை எடுத்துத் தர உதவும், அவ்வளவுதான். அதுவே பெரிசு.

ஆத்தூர் பக்கம் மரவள்ளி போடும் என் சித்தப்பா போன வாரம் போனில் கேட்டார். "ஏப்பா, 'வேம்'னு ஒரு பாக்கெட் விக்கிறாங்க. வேர் உட்பூசணமாம். போட்டா உரமே வேண்டாங்கிறான். வாங்கட்டுமா?"

"உரமே வேண்டாம்னு சொல்றவன்கிட்ட வாங்காதீங்க சித்தப்பா" என்றேன்.

கொலம்பியாவில் மரவள்ளிக்கு இந்தப் பூஞ்சையைக் கொடுத்து மகசூல் கூடியதாக 2013-ல் ஆய்வு வந்தது நிஜம். அதே சமயம் ஸ்விட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் போட்டுப் பார்த்து 2023-ல் முடிவு சொன்னார்கள்: ஒரு வயலில் வளர்ச்சி 40 சதவிகிதம் ஏற்றம், இன்னொன்றில் 12 சதவிகிதம் இறக்கம். ஷேர் மார்க்கெட் தோற்றது! பாக்கெட்டிலும் விஷயம் இருக்கிறது. உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை பெருகாது. மக்காச்சோளம் மாதிரி ஒரு செடியின் வேரில்தான் வளர்த்து எடுக்க வேண்டும். கிராமுக்குக் குறைந்தது 100 உயிருள்ள முளைப்பான்கள் வேண்டும் என்பது அரசாங்க அளவு. வெயிலில் காய்ந்த கடைப் பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா, மண் மட்டும்தானா, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லாம் கேட்டுவிட்டுச் சித்தப்பா சொன்னார். "உரத்தைப் பாதியாக் கொறைச்சு, கெழங்கும் பாதியாப் போச்சுன்னா கூட்டுறவு சங்கக் கடனை நீ கட்டுவியா, உன் பூஞ்சை கட்டுமா?"

நியாயமான ஆடிட் கேள்வி. "மொதல்ல மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்க. பாஸ்பரஸ் நிறைய இருந்தா அந்த மூட்டையைக் கொறைக்கலாம். பாக்கெட் தேவையே இல்லாமப் போகலாம். வேளாண் பல்கலைக்கழகத்துல கேட்டு வாங்கி, ஒரு ஓரமா நாலு வரிசைக்கு மட்டும் போடுங்க. பக்கத்து நாலு வரிசை வழக்கம் போல. கெழங்கைத் தோண்டி ரெண்டையும் எடை போட்டுட்டு அடுத்த வருஷம் முடிவு பண்ணுங்க. அறுவடை முடிஞ்சதும் நிலத்தைச் சும்மா போடாம உளுந்தோ தட்டைப்பயறோ தெளிங்க, அது செலவு கம்மி" என்றேன்.

"இதைச் சொல்ல பி.காம். எதுக்குடா?" என்றார்.

எதுக்கா? வரவை எண்ணுவதற்கு முன்னால் இருப்பைப் பார் என்பதுதானே மூணு வருஷமும் சொல்லிக்கொடுத்தார்கள்!