தோற்ற சீனரை மாமல்லபுரத்துக்கு அழையுங்கள்!

"நம்ம குகேஷ்கிட்ட தோத்தாரே, அந்த சீனாக்காரரா?"

செங்கல்பட்டு பக்கம் டிங் லிரென் பெயரைச் சொன்னால் இப்படித்தான் கேட்கிறார்கள். அவ்வளவுதானா அவர்?

டிங் லிரென் 1992-ல் பிறந்தவர். சொந்த ஊர் வென்சோ. பீகிங் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 2017, 2018-ம் ஆண்டுகளில் தொடர்ந்து 100 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார். நடுவில் நார்வேயில் சைக்கிளில் இருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தும் தோற்கவில்லை. அப்பேர்ப்பட்ட ஆள்!

வராத விருந்தாளி

2019-ல் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். அர்ஜுனன் தபசைப் பார்த்தார். வெண்ணெய் உருண்டைப் பாறை முன்பு போட்டோ எடுத்துக்கொண்டார்.

2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. சீன அணி வரவில்லை. 2018 ஒலிம்பியாடில் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் தங்கத்தை அள்ளிய அணி அது! ஆக, டிங்கின் ஆட்டத்தை இந்தக் கடற்கரை பார்க்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே ஜூலை மாதத்தில்தான், உலகப் பட்டத்துக்கு இனி ஆடுவதில்லை என்று கார்ல்சன் ஒதுங்கினார். வாய்ப்பு டிங்குக்கு அடித்தது. சில நாட்களிலேயே பூஞ்சேரியில் 16 வயது குகேஷ் வரிசையாக 8 ஆட்டம் ஜெயித்தார்!

2023 ஏப்ரலில் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை வென்று டிங் உலக சாம்பியன் ஆனார். சீனாவில் பெண்கள் பட்டத்தை ஷியே ஜுன் 1991-லேயே வாங்கிவிட்டார். ஆண்களில் டிங்தான் முதல்வர்.

அதன் பிறகு மனச்சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது. பல மாதம் போட்டிப் பக்கமே வரவில்லை. அதை அவர் மறைக்கவில்லை. தானே வெளியில் சொன்னார். நம்ம ஊரில் இதை அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியவிடமாட்டார்கள்!

ஒரே ஒரு காய்

2024-ல் சிங்கப்பூரில் குகேஷ் அவரை ஊதித் தள்ளிவிடுவார் என்றார்கள். முதல் ஆட்டத்தையே கறுப்புக் காயில் ஜெயித்தார் டிங். 13 ஆட்டம் முடிந்தும் சமம்! டிசம்பர் 12-ந் தேதி, கடைசி ஆட்டம். யானையை வைக்கக்கூடாத கட்டத்தில் வைத்தார். போச்சு!

உடனே ரஷ்ய செஸ் சம்மேளனத் தலைவர், வேண்டுமென்றே தோற்றாரோ என்று சந்தேகத்தைக் கிளப்பினார். உலக சம்மேளனம் அதை ஏற்கவில்லை. டிங் உண்மையான சாம்பியன் மாதிரி போராடினார் என்று குகேஷே பாராட்டினார். ஜெயித்த பையனுக்குத் தெரிந்தது, வெடி வெடித்தவர்களுக்குத் தெரியவில்லையா?

2013-ல் சென்னையில் கார்ல்சனிடம் ஆனந்த் பட்டத்தை இழந்தார். இனி ஆனந்த் அவ்வளவுதான் என்று பேசினார்கள். மறு வருஷமே கேண்டிடேட்ஸ் போட்டியில் ஜெயித்து, மறுபடியும் கார்ல்சன் எதிரில் போய் உட்கார்ந்தார்! இதைக் கண்ணால் பார்த்த ஊர், டிங் கதை முடிந்தது என்று சொல்லலாமா?

2023-ல் தமிழக அரசு சென்னையில் கிராண்ட்மாஸ்டர் போட்டி நடத்தியது. அதுபோல ஒன்றை மாமல்லபுரத்தில் வைத்து டிங்கை அழைத்தால் என்ன? பெரிய போட்டிக்குப் பணம் இல்லையென்றாலும் பரவாயில்லை. செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் 20 பேரோடு ஒரே நேரத்தில் ஆடட்டும். டிசம்பர் கடைசி தோதான சமயம். நாட்டிய விழாவும் அப்போதுதான், வெயிலும் தணிந்திருக்கும்.