பழைய மூக்குக்கண்ணாடி யாருக்கு உதவும்?

மாணவர்களே, உங்கள் வீட்டு அலுமாரியின் லாச்சியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஓடாத மணிக்கூடு, பழைய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு மூக்குக்கண்ணாடியாவது கிடக்கும். அது பவர் மாறியதால் அம்மா கழற்றி வைத்ததாக இருக்கலாம். காலமான அம்மப்பாவினுடையதாகவும் இருக்கலாம். எறிய மனம் வராது, அணியவும் ஆளில்லை.

இவற்றைச் சேகரித்து வசதியற்றவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே தோன்றும். இது புதிய எண்ணமன்று. பார்வையும் செவிப்புலனும் இழந்திருந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1925 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடைபெற்ற லயன்ஸ் கழக மாநாட்டில் உரையாற்றி, பார்வையற்றோருக்குத் துணைநிற்குமாறு கேட்டுக்கொண்டார். அதன் பின்னர் கண் தொடர்பான சேவை அக்கழகங்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. பழைய கண்ணாடிகளைச் சேர்த்து, கழுவி, வில்லைகளின் வலுவை அளந்து, வகைப்படுத்தி வறிய நாடுகளுக்கு அனுப்பும் நிலையங்களையும் அவை பல நாடுகளில் நடத்தி வருகின்றன.

இதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் உங்களுள் பெரும்பாலானோர் பாராட்டி எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுவீர்கள். நான் சற்று மாறுபட விரும்புகிறேன். பழைய கண்ணாடியைச் சேகரிப்பது நன்று. ஆனால் கண்களைப் பரிசோதிக்காமல் அதை இன்னொருவருக்குக் கொடுப்பது உதவியாகாது என்பதே எனது கருத்து.

மூக்குக்கண்ணாடி சட்டையைப் போன்றதன்று. சட்டை பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்து அணியலாம். கண்ணாடியை அவ்வாறு செய்ய முடியாது. தூரத்திலுள்ளவை தெளிவில்லாதவருக்குக் குழிவுவில்லையும், கிட்டவுள்ளவை தெளிவில்லாதவருக்குக் குவிவுவில்லையும் தேவை என்பதை விஞ்ஞான பாடத்தில் படித்திருப்பீர்கள். விடயம் அத்தோடு முடியவில்லை. ஒரே ஆளின் வலக் கண்ணுக்கும் இடக் கண்ணுக்கும் வலு வேறுபடலாம். கண்ணின் முன்பக்க வளைவு சீரற்றிருப்பின், வில்லையை ஒரு குறித்த கோணத்தில் வெட்டிப் பொருத்த வேண்டும். வில்லையின் மையமும் கண்மணிக்கு நேராக அமைய வேண்டும். இத்தனையும் ஒருங்கே பொருந்தும் இன்னொருவர் கிடைப்பது அரிது.

2012 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நன்கொடையாகக் கிடைத்த 275 கண்ணாடிகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் 7 வீதமானவையே பயன்படுத்தத்தக்கவையாக இருந்தன. மற்றவற்றைத் தரம்பிரிக்கவும் செலவாகிறதல்லவா? எல்லாச் செலவையும் கணக்கிட்டபோது, பழைய கண்ணாடி ஒன்றை உரியவரிடம் சேர்ப்பதற்கு 20 அமெரிக்க டொலருக்கு மேல் தேவைப்பட்டது. ஆயத்தமாகக் கிடைக்கும் புதிய கண்ணாடியை வழங்குவதைக் காட்டிலும் இது ஏறத்தாழ இரு மடங்கு. 'இலவசம்' என்று நாம் நினைப்பது உண்மையில் இலவசமன்று.

எனது வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். கடைசி வாங்கில் இருப்பான். கரும்பலகையில் நான் 3 என்று எழுதினால் அவன் கொப்பியில் 8 என்று இருக்கும். "கவனயீனம்" என்று பலமுறை ஏசியிருக்கிறேன். பார்வைக் குறைபாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின்னர் ஒருநாள் அவன் தன் பெரியப்பாவின் பழைய கண்ணாடியை அணிந்து வந்தான். மூன்றே நாளில் தலையிடி தொடங்கிவிட்டது. "எனக்குக் கண்ணாடி சரிவராது சேர்" என்று கழற்றியவன், அதன் பின்னர் கண் பரிசோதனைக்குச் செல்லவே மறுத்தான். ஓர் ஆண்டு வீணாயிற்று. பொருந்தாத கண்ணாடி செய்யும் பெருந்தீங்கு இதுவே. அது பொருந்தும் கண்ணாடியின் மீதும் நம்பிக்கையைக் கெடுத்துவிடுகிறது.

நமது நாடு கண்களையே தானம் செய்யும் நாடு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் ஆரம்பித்த கண்தான சங்கம், 1964 முதல் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களை அனுப்பி வருகின்றது. ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்பட்டு, பாதுகாக்கப்பட்டு, குறித்த நாள்களுக்குள் சேர்ப்பிக்கப்படுகின்றது. ஒரு பெட்டிக்குள் போட்டு "யாருக்காவது பொருந்தும்" என்று எவரும் அனுப்புவதில்லை. கண்ணாடிக்கு மட்டும் ஏன் அந்த அக்கறை வேண்டாம்?

ஒரு விதிவிலக்கைச் சொல்லத்தான் வேண்டும். நாற்பது வயதளவில் வரும் வெள்ளெழுத்துக்கு, இரு கண்களுக்கும் ஒரே வலுவுடைய எளிய கண்ணாடியே பலருக்குப் போதுமானது. அத்தகைய பழைய கண்ணாடி கீறலின்றி இருந்தால், வலுவை அளந்தபின் கொடுக்கலாம். அதன் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இந்தியாவின் அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 751 தொழிலாளர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018 இல் வெளியானது. வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 5 கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். நமது மலையகத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். அவர்களுள் எத்தனை பேர் கண்ணாடி அணிந்திருக்கக் கண்டிருக்கிறீர்கள்?

இனி, உங்கள் பாடசாலையில் ஒரு சேகரிப்புப் பெட்டி வைப்பதாயின் என்ன செய்யலாம்? பிரேம் உடையாத கண்ணாடிகளை மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள். அவற்றை அப்படியே பங்கிடாமல், வில்லையின் வலுவை அளக்கும் கருவியுள்ள கண்ணாடிக் கடைக்கோ சேவைக் கழகத்துக்கோ கொண்டு செல்லுங்கள். நல்ல பிரேமில் புதிய வில்லைகளைப் பொருத்த முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் பரிசோதனை இலவசம். வறிய குடும்பத்துக்குக் கண்ணாடியின் விலைதான் தடையாகின்றது. எனவே, பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் உண்டியலையும் வையுங்கள். என்னைக் கேட்டால் உண்டியலே முக்கியம் என்பேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வந்து எழுத்து அட்டையைக் காட்டும்போது, முன்னால் நிற்பவர் வாசிப்பதைக் கேட்டு மனனம் செய்து ஒப்புவிக்கும் கெட்டிக்காரரும் உங்களுள் உளர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பக்கத்திலிருப்பவரின் கொப்பியைப் பார்த்தே எழுதும் நண்பர் எவரேனும் இருந்தால், "களவாய்ப் பார்க்கிறான்" என்று முறையிடுவதற்கு முன், அவருக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

அந்த மாணவனை அவனது தாயார் ஒருவாறு வற்புறுத்திக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். பெரியப்பாவின் அதே பிரேமில் அவனுக்கேற்ற வில்லைகள் பொருத்தப்பட்டன. அதை அணிந்துகொண்டுதான் அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான்.