“ஒன்றுமில்லை” என்று சொன்னார்!

கனடா நாட்டில் கியூபெக் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே மாண்ட் டிரெம்பிளாண்ட் என்று ஒரு மலை. மாண்ட்ரியல் நகரில் இருந்து ஏறக்குறைய 130 கிலோ மீட்டர் தூரம். குளிர்காலம் வந்துவிட்டால், மலை முழுவதையும் வெண்பனி மூடிவிடும். அதைத் தேடிப் பல நாடுகளில் இருந்தும் மக்கள் வருவார்கள். காலில் நீளமான பட்டைகளைக் கட்டிக்கொண்டு, சரிவில் வழுக்கிக்கொண்டே கீழே இறங்குவார்கள். இதற்குப் பனிச்சறுக்கு என்று பெயர்.

2009-ம் ஆண்டு மார்ச் மாதம், விடுமுறையைக் கழிக்க அங்கே ஒரு நடிகை வந்தார். பெயர் நட்டாஷா ரிச்சர்ட்சன். வயது 45. லண்டனில் பிறந்தவர், அமெரிக்காவில் குடியேறியவர். தாயார் வனெஸ்ஸா ரெட்கிரேவ், ஆஸ்கார் பரிசு பெற்ற நடிகை. கணவர் லியாம் நீசன், “ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்” படத்தின் கதாநாயகர். இரண்டு ஆண் பிள்ளைகள்.

நம் ஊர் ரசிகர்களுக்கு ஓர் அடையாளம் சொல்லலாம். 1965-ல் வந்த “குழந்தையும் தெய்வமும்” படம் நினைவிருக்கிறதா? பிரிந்து வாழும் அப்பாவையும் அம்மாவையும் இரட்டைப் பெண் குழந்தைகள் சேர்த்து வைக்கும் கதை. அது “தி பேரண்ட் டிராப்” என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவியது. அதே கதையை 1998-ல் அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்கள். தமிழில் ஜமுனா நடித்த தாய் வேடத்தை, அந்தப் புதிய படத்தில் ஏற்று நடித்தவர் நட்டாஷா.

விழுந்தார், எழுந்தார்

மார்ச் 16-ந் தேதி, திங்கட்கிழமை. நடுப்பகல். நட்டாஷா பனிச்சறுக்குப் பழகிக்கொண்டு இருந்தார். அது பெரிய சரிவு அல்ல. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்றே உள்ள இடம். பயிற்சி கொடுப்பவரும் பக்கத்திலேயே இருந்தார். நட்டாஷாவின் தலையில் ஹெல்மெட் இல்லை.

கால் தடுமாறியது. விழுந்தார்.

ரத்தம் இல்லை. வெளிக்காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்துகொண்டார். சிரித்துப் பேசினார். மீட்புப் பணியாளர்கள் ஓடி வந்து, அவரைக் கீழே அழைத்து வந்தார்கள். “டாக்டரைப் பாருங்கள்” என்றார்கள். தமக்கு ஒன்றுமில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பகல் ஒரு மணி அளவில் ஆம்புலன்சு வந்தது. தேவையில்லை என்று பதில் கிடைத்தது. வண்டி திரும்பிப் போய்விட்டது.

நட்டாஷா ஓட்டல் அறைக்குப் போனார். பயிற்சி கொடுத்தவர் கூடவே போனார். சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. உடம்பு சரியில்லை என்றார். மூன்று மணி அளவில் மறுபடி ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள்.

முதலில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி. அங்கிருந்து மாண்ட்ரியல் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அந்த நாளில் கியூபெக் மாகாணத்தில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் சேவை கிடையாது. எல்லாம் சாலை வழிதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பல மணி நேரம் ஆகிவிட்டது. (இதைப் பற்றிப் பின்னர் கனடாவில் பெரிய விவாதமே நடந்தது.)

லியாம் நீசன் அப்போது கனடாவின் இன்னொரு நகரமான டொராண்டோவில் படப்பிடிப்பில் இருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்தார். மறுநாள் நட்டாஷாவை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 18-ந் தேதி அவர் காலமானார். அவருடைய இருதயம், கல்லீரல், சிறுநீரகங்கள் ஆகியவற்றைக் குடும்பத்தார் தானம் செய்தார்கள். அதனால் மூன்று பேர் உயிர் வாழ்வதாக லியாம் நீசன் 2014-ல் ஒரு டெலிவிஷன் பேட்டியில் சொன்னார்.

சிரித்துப் பேசியவர் எப்படி இறந்தார்?

நம்முடைய மூளையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதற்கு மேலே மண்டை ஓடு. காதுக்கு மேலே, பொட்டுப் பக்கத்தில் மண்டை ஓடு மெல்லியதாக இருக்கும். அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே பலமான அடி விழுந்தால், எலும்பு விரிசல் கண்டு அந்தக் குழாய் கிழியக்கூடும். அப்போது உறைக்கும் எலும்புக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கும். நட்டாஷாவின் சாவுக்குக் காரணம், தலையில் பட்ட அடியால் இப்படித் தேங்கிய ரத்தம்தான் என்று நியூயார்க் பரிசோதனை அதிகாரிகள் அறிவித்தார்கள்.

இதில் உள்ள பயங்கரம் என்ன தெரியுமா? தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாது! மூளை நன்றாக வேலை செய்யும். அடிபட்டவர் பேசுவார், நடப்பார், காபி கேட்பார். இந்த நிலை சில நிமிடமும் இருக்கலாம், சில மணி நேரமும் இருக்கலாம். உள்ளே ரத்தம் சேரச்சேர மூளை நசுங்கும். மண்டை ஓடு ரப்பர் பந்து அல்லவே, விரிந்து இடம் கொடுக்க! தலைவலி வரும்; போகப்போக அதிகமாகும். வாந்தி வரும். பேச்சு குழறும். அசாதாரணமாகத் தூக்கம் வரும். ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரியலாம். ஒரு பக்கத்துக் கையோ காலோ வலுவிழக்கலாம். பிறகு நினைவு தப்பும்.

சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ரத்தம் தேங்கி இருப்பது தெரிந்துவிடும். டாக்டர்கள் மண்டை ஓட்டைத் திறந்து ரத்தத்தை வெளியேற்றுவார்கள். நினைவு தப்புவதற்கு முன்னால் ஆபரேஷன் நடந்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

முதல் ஆம்புலன்சில் ஏறி இருந்தால் நட்டாஷா பிழைத்திருப்பாரா? அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சமாகி இருக்கும் என்று சொல்லலாம்.

யார் மீது குற்றம்?

“அந்தப் பணியாளர்கள் வற்புறுத்தி ஏற்றி இருக்க வேண்டாமா?” என்று சிலர் கேட்டார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. தெளிவாகப் பேசுகிற ஒருவரை, அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு, பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவர்கள் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். தனியே விடாமல் கூடவும் ஓர் ஆள் போனார். சம்பளத்துக்கு வேலை செய்கிற பிறத்தியாரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயம் அல்ல.

இதற்கு மேல் செய்ய வேண்டியவர்கள் கூட வருகிற சொந்தக்காரர்கள்தான். தலையில் அடிபட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடிபட்டது எந்த மூளையோ, அந்த மூளைதான் “ஒன்றுமில்லை” என்று சொல்கிறது! அதன் சாட்சியை எப்படி நம்புவது?

வெளிநாட்டில் இருக்கும்போது இந்த “ஒன்றுமில்லை” இன்னும் சுலபமாக வாயில் வருகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு. வருஷக்கணக்காகச் சேர்த்த பணத்தில் டிக்கெட் வாங்கி இருப்பார்கள். பத்து நாள் பயணத்தில் ஒரு நாளை ஆஸ்பத்திரியில் கழிக்க மனம் வராது. மொழி தெரியாது. நான்கு பேர் பார்க்கும்படி விழுந்துவிட்ட வெட்கம் வேறு! மகன் வீட்டுக்கு அமெரிக்கா போன தாயார் குளியல் அறையில் வழுக்கி விழுந்தால், “பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதே” என்று வாயைத் திறக்க மாட்டார். நாள்தோறும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு, சின்ன அடிகூட ஆபத்து. அவர்கள் விஷயத்தில் தலைவலி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்கும் ஒரு நாள் முழுவதும், அதாவது 24 மணி நேரம், ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். வலிக்கிறது என்று ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். அது ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டால் போதுமா என்றால், அதுவும் முழுக் காப்பு அல்ல. 7 முறை உலக சாம்பியன் பட்டம் வென்ற கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர், 2013-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி பிரான்சு நாட்டில் பனிச்சறுக்கின்போது பாறையில் மோதினார். தலையில் ஹெல்மெட் இருந்தது. அது பிளந்துவிட்டது. ஹெலிகாப்டரில் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். பல மாதங்கள் நினைவின்றிக் கிடந்தார். உயிர் தப்பினார், பழைய வாழ்க்கை திரும்பவில்லை. ஹெல்மெட் இல்லாமல் அந்தப் பாறையில் மோதி இருந்தால் என்ன ஆகி இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி?

ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவதற்குப் பெரிய காரணம் பணம். அதில் பொய் இல்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு மலைக்க வைக்கும். அதனால்தான் புறப்படும் முன்பே பயண இன்சூரன்சு எடுத்துவிட வேண்டும். பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளுக்கான ஷெங்கன் விசா கேட்டால், குறைந்தது 30,000 யூரோ வைத்தியச் செலவுக்கு இன்சூரன்சு காட்டச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் விசா இல்லை. பல நாடுகள் இப்படிக் கட்டாயப்படுத்துவது இல்லை. அந்த நாடுகளுக்குப் போகிறவர்களும் தாங்களாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

எடுத்த பிறகு பத்திரத்தைப் படியுங்கள். பொடி எழுத்தையும் படியுங்கள். பனிச்சறுக்கு, ஆழ்கடலில் மூழ்குவது போன்ற வீர விளையாட்டுகளுக்குப் பல கம்பெனிகள் பணம் தருவதில்லை. தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். உரிய லைசென்சு இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தாலும், குடித்துவிட்டு விழுந்தாலும் பணம் கிடைப்பது அரிது. முன்பே உள்ள வியாதிகளை மறைத்தால், பின்னால் அதையே காரணம் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனே கம்பெனியின் டெலிபோன் எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆம்புலன்சைக் கூப்பிட, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ஐரோப்பிய நாடுகளில் 112. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, இலங்கையில் 1990. போகிற நாட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதி, தங்கும் ஓட்டலின் விலாசத்தையும் அதன் கீழே எழுதி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிற குழந்தைகள் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கட்டும்.