உடலுக்கேற்ற பின்னல்

ஊசியும் நூலும் கொண்டு சட்டை பின்னுவோர் பலர், புத்தகக் குறிப்பிலுள்ள எண்களை அப்படியே பின்பற்றுகின்றனர்; பின்னர், சட்டை பொருந்தவில்லை என்று தம் உடம்பையே குறைகூறுகின்றனர். இது சரியன்று. ஒவ்வொருவரும் நூலை இழுக்கும் இறுக்கம் வேறு. ஆகவே, முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளக்க வேண்டும். சலிப்பான வேலைதான், முழுச் சட்டையையும் பிரிப்பது அதைவிடச் சலிப்பு! 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள் இருந்தால், 90 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 180 கண்ணிகள் தேவை. அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் வல்லுநர் எலிசபெத் சிம்மர்மேன், இவ்வெண்ணிக்கையைக் கொண்டே மற்ற பகுதிகளையும் கணக்கிட்டார். மணிக்கட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 36 கண்ணிகள். கையின் மேற்பகுதிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கை பருத்தவர் இன்னும் நான்கைந்து கண்ணிகளைத் தயங்காமல் கூட்டிக்கொள்ளலாம்.